தமிழறியாத தமிழ்ப்பட டைரக்டர்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த தமிழரின் கதையை நம் சங்கத்து மலர்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. தமிழ்ப் பேசும் படமும் நம்மைப் போலவே வெளியூரில் கண் விழித்த குழந்தை என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. அதனை இயக்கியவர் எச்.எம். ரெட்டி. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தோர் வேறு மொழிகளிலும் பேசிய விசித்திரமான படம் அது. அதன் பின்னரும் நம் நாடகக் கம்பெனிகள் மூட்டை முடிச்சுகளோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிச் சென்று, அங்குள்ளோர் ஸ்டூடியோக்களில் ஆடிப் பாடிவிட்டுத் திரும்பின. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்டூடியோ அமைத்து 'ஸ்ரீநிவாச கல்யாணம்' என்ற படத்தை எடுத்த பின்னரே தமிழ்ப் படத்துக்குத் தமிழ் மண்ணில் ஒரு கூரை கிடைத்தது.

தமிழர் வடக்கே பயணம் செய்த அந்நாளில், கடல் கடந்து எதிர்த்திசையில் வந்து சேர்ந்தார் ஒருவர். எல்லிஸ் ஆர். டங்கன் என்பது அவர் பெயர். ஆங்கிலப் படங்களைப் பார்த்துப் பழகிய நம் தாத்தாமார்கள் இப்பெயரைத் திரையில் கண்டதும், யாரோ துரை மேற்பார்வை பார்த்தார் போலும் என்று எண்ணியதுண்டு. மேற்பார்வை அன்று; படமே அவருடையது. பதினைந்து ஆண்டுக் காலம் தமிழ் நாட்டில் தங்கி, பத்துக்கு மேற்பட்ட படங்களை இயக்கி, இறுதிவரை தமிழில் உரையாடக் கற்றுக்கொள்ளாமலே திரும்பிச் சென்ற அந்த அமெரிக்கரைப் பற்றி எழுதவே இவ்வாண்டு மலரில் சில பக்கங்களைக் கேட்டுப் பெற்றோம்.

டங்கன் 1909-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பார்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். அங்கே அவருக்கு உடன் மாணவராக இருந்தவர் மாணிக்லால் டாண்டன் என்ற இந்தியர். டாண்டனின் அழைப்பை ஏற்று, மைக்கேல் ஓமலெவ் என்ற மற்றொரு நண்பரோடு 1935-இல் டங்கன் இந்தியா வந்தார். சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது எண்ணம். எந்த வேலையை நம்பி வந்தாரோ அது கைகூடவில்லை. "ஆறு மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போய்விடுவோம்" என்று சொல்லி இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கிய நம் முன்னோர் எத்தனை பேருக்கு இது தெரிந்த கதை!

அச்சமயம் டாண்டன் கல்கத்தாவில் 'பக்த நந்தனார்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே வேடம் புனைந்து நடித்த படம் அது. அதில் சில காட்சிகளைப் படம் பிடிக்கும் வாய்ப்பு டங்கனுக்குக் கிட்டியது. பிறகு டாண்டனின் பரிந்துரையால், கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியார் தயாரித்த 'சதி லீலாவதி' முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. எஸ்.எஸ். வாசன் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதிய கதை. 1936-இல் அது திரைக்கு வந்தபோது டங்கனுக்கு வயது 26. எம்.கே. ராதா கதாநாயகர். போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் ஓர் இளைஞர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அவர் எம்.ஜி. ராமச்சந்திரன். என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா ஆகியோருக்கும் அதுவே முதற் படம்.

புராணக் கதைகளே பெரிதும் படமாகிய காலத்தில், குடிப்பழக்கத்தால் கெடும் ஒரு குடும்பத்தின் கதையை அப்படம் எடுத்துக்கொண்டது. நண்பனைக் கொன்றுவிட்டதாகத் தவறாக எண்ணிய கதாநாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். அக்கரைக்குப் போன தமிழனின் நிலை அத்தனை ஆரம்ப காலத்திலேயே திரையில் இடம் பெற்றது என்பதை வெளியூரில் வாழும் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

டங்கன் புதிதாக என்ன செய்தார் என்று கேட்பவருக்கு, அவருக்கு முன் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். அந்நாளைய நடிகர் நாடக மேடையிலிருந்து வந்தவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரர் காதிலும் விழும்படி பாடவும் பேசவும் சிறு வயதிலிருந்தே பழகியவர். கை வீச்சும் கண் உருட்டலும் அந்தத் தூரத்துக்கேற்ற அளவினவாக இருந்தன. படம் பிடிக்க வந்தவர்களோ, காமிராவை மேடைக்கு எதிரே நிறுத்தி, நாடகத்தை நாடகமாகவே சுருளில் ஏற்றினார்கள். ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது பாட்டுகள் இருந்தன. நல்ல பாட்டுக் கச்சேரி கேட்ட நிறைவோடு மக்கள் வீடு திரும்பினார்கள். கண்ணுக்கு அங்கே அதிக வேலை இல்லை. தமிழர் செவியால் படம் பார்த்த காலம் அது என்று சொன்னால் மிகையாகாது.

இந்நிலையில் வந்து சேர்ந்த மனிதருக்கோ அந்தச் செவிச் செல்வம் முழுவதும் பூட்டிய பெட்டி. வசனத்தின் நயம் புரியாது. பாட்டின் பொருள் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல உதவியாளர் பக்கத்தில் நிற்கவேண்டும். அவருக்கு எஞ்சியிருந்தது கண் ஒன்றே. நடிகர் முகத்தில் துயரம் தெரிகிறதா, இல்லையா? மொழி தெரிந்த டைரக்டர் சொல்லின் உருக்கத்தில் மயங்கி நடிப்பின் குறையை மன்னித்துவிடக் கூடும். டங்கனுக்கு அவ்வகையில் மயங்க வழியே இல்லை. படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிக்கொள்வதும், காமிராவை நகர்த்தி நடிகரின் அருகில் கொண்டு செல்வதும், முகத்தின் மேல் விழும் ஒளியை அளந்து அமைப்பதும், மேடை வீச்சைக் குறைத்து இயல்பாக நடிக்கச் செய்வதும் அவர் கல்லூரியில் கற்று வந்த பாடங்கள். இவற்றையெல்லாம் அவர் ஒருவரே தமிழுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லமாட்டோம். கே. ராம்நாத் போன்ற நம்மவர்களும் அதே காலத்தில் அதே திசையில் உழைத்தார்கள். ஆயினும் மொழியறியாமையே ஒருவருக்குக் கருவியாக அமைந்தது டங்கனிடத்தில்தான்.

1937-இல் வெளிவந்த 'அம்பிகாபதி' இதற்கு நல்ல சான்று. இன்று 'அம்பிகாபதி' என்றவுடன் நம்மில் பலருக்கு 1957-இல் வந்த சிவாஜி கணேசன்-பானுமதி படமே நினைவுக்கு வருகிறது. அதற்கு இருபது ஆண்டுகள் முந்தியது டங்கனின் படம். கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. அம்பிகாபதியாக எம்.கே. தியாகராஜ பாகவதரும், அமராவதியாக எம்.ஆர். சந்தானலட்சுமியும், கம்பராகச் செருகளத்தூர் சாமாவும் நடித்தனர். கம்பர் மகன் சோழன் மகளை விரும்பிய கதையும், நூறு பாட்டு எண்ணிக்கையில் ஒன்று குறைந்து அவன் உயிர் போன கதையும் நாம் பாட்டிமார் மடியில் கேட்டவை. அந்தக் காதலர் சந்திப்பை எவ்வாறு காட்டுவது? வசனம் எழுதிய இளங்கோவனிடம், ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' காட்சிகளின் சாயலைக் கொண்டுவரும்படி டங்கன் கேட்டுக்கொண்டார். இளங்கோவனோ அதை மொழிபெயர்ப்பாகச் செய்யாமல், தமிழ்க் காதலர் பேசுவதாகவே எழுதினார். அதுவரை நாயகனும் நாயகியும் முழ இடைவெளி விட்டு நின்று மாறி மாறிப் பாடியதைக் கண்ட மக்களுக்கு, இருவரும் நெருங்கி நின்று தாழ்ந்த குரலில் பேசுவது புதுமையாக இருந்தது. சிலருக்கு அது கூச்சமாகவும் இருந்தது. படமோ பெருவெற்றி பெற்றது. பாகவதரின் குரல் ஒரு காரணம் என்பதை யார் மறுப்பார்? இன்று அப்படத்தைப் பார்க்கும்போது பாகவதர் பாடாத இடங்களையும் நாம் கவனித்துப் பார்க்கிறோம் என்பதே டங்கனுக்கு உரிய பங்கு.

இங்கே நமக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டங்கன் இயக்கிய படங்களில் வசனம் எழுதியோர் பெயர்களைப் பாருங்கள். 'அம்பிகாபதி'க்கு இளங்கோவன், 1950-இல் வந்த 'பொன்முடி'க்குப் பாவேந்தர் பாரதிதாசன், அதே ஆண்டு வந்த 'மந்திரிகுமாரி'க்கு மு. கருணாநிதி. தமிழ்த் திரை வசனத்தின் வரலாற்றை எழுதுவோர் இம்மூவரையும் விட்டுவிட்டு எழுத முடியாது. தமிழறியாத ஒருவர் பெயர் தாங்கிய படங்களிலேயே தமிழ் இவ்வளவு செழித்தது எப்படி? டைரக்டருக்கு மொழி தெரியாதபோது, சொல்லின் பொறுப்பு முழுவதும் எழுத்தாளரிடம் சேர்கிறது. அங்கே அவர் வரியைத் திருத்த ஆளில்லை; அவரே அரசர். காட்சிக்கு டங்கன், சொல்லுக்குப் புலவர் என்று எல்லை வகுத்தது போல் ஆயிற்று. இது தற்செயலாக விளைந்த நன்மை என்பதே நம் கருத்து. டங்கனை இதற்காகப் புகழவேண்டியதில்லை.

இம்முறை எப்போதும் பலிக்கவும் இல்லை. 1940-இல் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் கதாநாயகராக வைத்து 'காளமேகம்' படத்தை அவர் இயக்கினார். பெரிய பெயர், பெரிய எதிர்பார்ப்பு. படம் தோல்வியுற்றது. காளமேகப் புலவரின் உயிரெல்லாம் சிலேடையில் இருக்கிறது. ஒரு சொல் இரு பொருளாக விரிந்து கேட்பவர் வியந்து சிரிக்கும் அந்தக் கணத்தைக் காமிரா எங்கே வைத்துப் பிடிக்கும்? கண்ணை மட்டும் நம்பியவருக்கு வந்திருக்கக் கூடாத கதை அது. ராஜரத்தினம் பிள்ளை என்னும் மேதையின் உருவம் திரையில் ஏறியதே அதன் பயன் என்று ஆறுதல் கொள்ளலாம்.

அதே 1940-இல் டி. சதாசிவம் தயாரிப்பில் 'சகுந்தலை' வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும், ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் நடித்தனர். கச்சேரி மேடையின் இரு சிகரங்கள் ஒரே படத்தில். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பாட்டைப் பற்றியே எழுத நேரிடும். ஆகவே 'மீரா'வுக்கு வருவோம்.

'மீரா' 1945-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியாயிற்று. தயாரித்தவர் சதாசிவம்; இசை எஸ்.வி. வெங்கட்ராமன், பாடல்கள் பாபநாசம் சிவனும் கல்கியும் இயற்றியவை, ராணாவாகச் சித்தூர் வி. நாகையா நடித்தார். சிறுமி மீராவாகத் தோன்றியவர் சதாசிவத்தின் மகள் ராதா. ஒளிப்பதிவு ஜிதேன் பானர்ஜி என்ற வங்காளி. சற்று எண்ணிப் பாருங்கள்: ராஜபுத்திர அரசியின் கதை, பாடுபவர் மதுரைப் பெண், படம் பிடித்தவர் வங்காளி, இயக்கியவர் அமெரிக்கர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான மொழி எது?

அதற்கு விடை, படப்பிடிப்புத் தொடங்குமுன் டங்கன் செய்த ஒரு காரியத்தில் இருக்கிறது. எம்.எஸ். அவர்களின் தலையும் தோளும் அமைந்த ஒரு சிலையை அவர் செய்வித்தார். அச்சிலையை ஸ்டூடியோவில் வைத்து, அவரும் பானர்ஜியும் விளக்குகளை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மாற்றி மாற்றி அமைத்து, ஒவ்வொரு கோணத்திலும் படம் பிடித்துப் பார்த்தனர். நெற்றியில் ஒளி விழுந்தால் எப்படி, கன்னத்தில் நிழல் விழுந்தால் எப்படி, முகம் நிமிர்ந்தால் கண் எப்படி விளங்குகிறது என்றெல்லாம் ஆராய்ந்து, சிறந்தவற்றைத் தெரிந்தெடுத்து, மீரா பாடும் இடங்களில் அவ்வொளி அமைப்புகளையே கையாண்டனர். கோயில் ஸ்தபதி மூலவரின் முகத்தில் தீபாராதனை ஒளி எவ்வாறு படும் என்று எண்ணிக் கற்பக்கிருகம் சமைப்பது போன்றதே இந்த உழைப்பு.

அதன் பயனைப் படத்தில் காணலாம். 'காற்றினிலே வரும் கீதம்' என்ற பாட்டை நாம் வானொலியில் ஆயிரம் முறை கேட்டிருப்போம். செவிக்கு அது குறைவில்லாதது. கண்ணை மூடிக் கேட்டாலும் போதும் என்று நினைப்போம். படத்தில் அதைப் பார்த்தவர் மறுபடி கண்ணை மூட விரும்பமாட்டார். அங்கே முகம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உருட்டலும் இல்லை, விழித்தலும் இல்லை. ஒளி தழுவிய ஒரு முகம் எங்கோ நோக்கியிருக்கிறது, அவ்வளவே. எதை நோக்குகிறது என்பதைப் பாட்டு சொல்கிறது. டங்கனுக்கு அந்தப் பாட்டின் ஒரு சொல்லும் தமிழாகப் புரிந்திராது. எனினும் அந்தக் குரலுக்கு எதிரே காமிரா எவ்வளவு பணிவாக நிற்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கச்சேரியைக் கேட்கத் தெரிந்தவரின் பணிவு அது.

இந்தப் படத்துக்காகக் குழுவினர் ராஜபுதனம் வரை சென்றனர். உதயபூர் மகாராணாவின் ஆதரவோடு அங்கே காட்சிகள் எடுக்கப்பட்டன; யானைகளும் குதிரைகளும் அரண்மனையிலிருந்தே வந்தன. துவாரகைக் கோயிலில் படம் பிடிக்கவேண்டி வந்தபோது, வேற்று மதத்தவர் நுழையக் கூடாதென்ற விதிக்கு அஞ்சி டங்கன் காஷ்மீரப் பண்டிதரைப் போல் வேடம் தரித்து உள்ளே சென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. நடிகர்களுக்கெல்லாம் வேடம் அணிவித்தவர் ஒரு நாள் தாமும் அணிந்தார் போலும்.

1947-இல் 'மீரா' ஹிந்தியில் வெளியாயிற்று. திரையில் தோன்றி எம்.எஸ். அவர்களை வடநாட்டாருக்கு அறிமுகம் செய்து பேசினார் கவியரசி சரோஜினி நாயுடு. டில்லியில் நடந்த காட்சிக்கு ஜவஹர்லால் நேருவும் மவுண்ட்பேட்டன் தம்பதியரும் வந்திருந்தனர். நம் குடும்பங்கள் இன்று வாழும் ஊர்களில், தமிழ் என்றால் என்ன என்று அறியாத அண்டை வீட்டாரும் எம்.எஸ். என்ற இரண்டெழுத்தைக் கேட்டதும் கை கூப்புவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த மரியாதையின் விதைகளில் ஒன்று அந்த ஹிந்திப் படம்.

போர்க் காலத்தில் டங்கன் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராகவும் பணியாற்றினார். செய்திப் படங்கள் எடுத்தார். பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அவரை அழைத்தது. டி.ஆர். சுந்தரத்தின் அந்த நிறுவனத்துக்காக, பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தை 'பொன்முடி' என்ற பெயரில் படமாக்கினார். அதில் பி.வி. நரசிம்மபாரதியும் மாதுரிதேவியும் நடித்த காதற் காட்சிகளைச் சில பத்திரிகைகள் கண்டித்து எழுதின. பதின்மூன்று ஆண்டு முன் 'அம்பிகாபதி'யில் எழுந்த அதே முணுமுணுப்பு!

அடுத்து 'மந்திரிகுமாரி'. குண்டலகேசிக் கதையைத் தழுவியது. மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல அழைத்துச் செல்லும் கணவன். இறுதி வேண்டுகோளாக அவனை மும்முறை வலம் வரும் மனைவி. மூன்றாம் சுற்றில் தள்ளப்படுபவன் அவன். மாதுரிதேவியும் எஸ்.ஏ. நடராஜனும் அம்மலை ஏறுகையில் பாடும் 'வாராய் நீ வாராய்' என்ற இணைப்பாட்டு, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. இனிமையான காதற் பாட்டாகவே அது ஒலிக்கும். ஏறும் வழியைப் பார்ப்பவருக்கு மட்டும் உள்ளம் நடுங்கும். செவி ஒன்றைச் சொல்லக் கண் மற்றொன்றைக் கண்டு அஞ்சுகிற அந்த வித்தை, பதினைந்து ஆண்டுகளில் தமிழ்ப் படம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைக் காட்டும். படம் முடியுமுன் டங்கன் அமெரிக்கா திரும்ப நேர்ந்தது. எஞ்சியதை டி.ஆர். சுந்தரம் முடித்தார், இருவர் பெயருமே டைரக்டர்களாகத் திரையில் வருகின்றன. எம்.ஜி.ஆரின் முதற் படத்தை எடுத்தவர், அவர் புகழேறிய நாயகராக நின்ற இப்படத்தோடு விடைபெற்றுக்கொண்டார்.

1950-க்குப் பின் டங்கன் தம் நாட்டில் ஆவணப் படங்கள் எடுத்துக் காலம் கழித்தார். இந்தியாவில் படம் எடுக்க வந்த வெளிநாட்டுக் குழுக்களுக்குத் துணையாக இடையிடையே வந்ததுண்டு. 1962-இல் வெளிவந்த டார்ஜான் படம் ஒன்றில் அவர் பங்கு இருக்கிறது. தம் அனுபவங்களை நூலாக எழுதி, அது வெளிவந்த 2001-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் முதல் நாள், 92-ஆம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றிக் கரண் பாலி எடுத்த 'சென்னையில் ஓர் அமெரிக்கர்' என்ற பொருள்படும் ஆவணப் படம் 2013-இல் வெளிவந்தது. அதற்கிடையே நம் பழம்படங்கள் பலவற்றின் கதி வேறாயிற்று. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் இருந்த எத்தனையோ படங்கள் எரிந்தும் உளுத்தும் போயின. 'காளிதா'ஸே இன்று நமக்கில்லை. 'மீரா'வும் 'அம்பிகாபதி'யும் 'மந்திரிகுமாரி'யும் எஞ்சின.

இனி ஒரு விண்ணப்பம். நம் சங்கத்துப் படக் காட்சிகளில் புதுப் படங்களே இடம் பெறுகின்றன. பழைய படம் போட்டால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், செந்தமிழ் வசனம் அவர்களுக்குப் புரியாது என்று காரணம் சொல்கிறோம். படச் சுருளும் இயந்திரமும் தேடி அலைந்த நாள் போயிற்று. பிரதி இன்று எளிதாகக் கிடைக்கிறது. வரும் தீபாவளிக்கு 'மீரா'வைத் திரையிடலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பேரப்பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைப்போம். பக்கத்து வீட்டு வடநாட்டுக் குடும்பங்களுக்கும் அழைப்பு அனுப்புவோம். அவர்களுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்க யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம்.